நீக்கமும் அறிவிப்பும்: காலித் பின் வலீத் (ரலி) அவர்களுக்குச் சென்ற இரு கடிதங்கள்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) ரமளான் மாதம். முஸ்லிம்களின் படை மக்காவினுள் நுழைந்துகொண்டிருந்தது. அன்சாரிகளின் கொடியை சஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் ஏந்தியிருந்தார்கள். பழைய பகையின் வேகத்தில், இன்று இரத்தம் சிந்தும் நாள் என்ற கருத்தில் அன்னார் சொன்ன ஒரு சொல் நபி (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியது. அந்நாள் கருணையின் நாளாக அமைய வேண்டும் என்பதே அண்ணலாரின் நாட்டம். எனவே சஅதிடமிருந்து கொடியைப் பெற்று அவருடைய மகன் கைஸ் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார்கள். ஆணையைக் கொண்டு சென்றவரிடம் சஅத் ஓர் அடையாளம் கேட்டார்கள். அது கிடைத்தாலன்றிக் கொடியை விட்டுத்தர இயலாது என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் தலைப்பாகையையே அனுப்பிவைத்தார்கள். அதனைக் கண்டதும் அறிந்துகொண்ட சஅத், கொடியைத் தம் மகனிடம் கொடுத்தார்கள் என்று வாகிதி முதலிய போர் வரலாற்றாசிரியர்கள் அறிவிக்கின்றனர்.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. படைத்தலைவர் ஒருவரைப் பொறுப்பிலிருந்து விலக்குவது தலைமையின் உரிமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் விலக்கப்படுகிறவர், இவ்வாணை உண்மையில் தலைமையிடமிருந்து வந்ததுதானா என்று கேட்டார். கேட்டது குற்றமாகக் கருதப்படவில்லை. உரிய சான்று அனுப்பப்பட்டது. கொடி மகனின் கைக்கே சென்றதால் தந்தையின் கண்ணியத்திற்கும் இழுக்கு நேரவில்லை.

நீக்கம் என்பது ஒன்று. நீக்கத்தை அறிவித்தல் என்பது மற்றொன்று. முன்னது தலைமையின் அதிகாரத்தைச் சார்ந்தது. பின்னது நீக்கப்படுகிறவரின் உரிமையைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால் விளையும் தீங்குகள் பல. இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியாக இஸ்லாமிய வரலாற்றில் நாம் காண்பது, இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் பொறுப்பிலிருந்து நீக்கிய நிகழ்ச்சியே. ஏன் நீக்கினார்கள் என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்பது அத்துணை கவனம் பெறவில்லை. அதனையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதற் கடிதம்

ஹிஜ்ரி 13-ஆம் ஆண்டு ஜமாதுல் ஆகிர் மாதத்தின் பிற்பகுதியில் (கி.பி. 634 ஆகஸ்ட்) முதற் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். அப்பொழுது சிரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த படைகளுக்குக் காலித் தலைமை ஏற்றிருந்தார்கள். பொறுப்பேற்ற உமர் (ரலி) அவர்கள் எழுதிய முதல் ஆணைகளில் ஒன்று, காலிதை அப்பொறுப்பிலிருந்து விலக்கி அபூ உபைதா பின் ஜர்ராஹ் (ரலி) அவர்களை அவ்விடத்தில் அமர்த்துவதாக இருந்தது.

அக்கடிதம் போர்க்களத்தை அடைந்தபொழுது நடந்ததென்ன? இங்கு அறிவிப்புகள் இரண்டாகப் பிரிகின்றன. இமாம் தபரி அவர்கள் தம் வரலாற்று நூலில் இரண்டையும் பதிவுசெய்திருக்கிறார்கள்.

சைஃப் பின் உமர் வழியாக வரும் அறிவிப்பு, கடிதம் யர்மூக் களத்திற்கு வந்தது என்கிறது. வந்த தூதர், சூழ்ந்து நின்று செய்தி கேட்டவர்களிடம் எல்லாம் நலமே என்றும் துணைப்படை வருகிறது என்றும் சொல்லிவிட்டு, கலீஃபாவின் மறைவைக் காலிதின் காதில் மட்டும் மெல்லச் சொன்னார். காலித் கடிதத்தைப் பெற்றுத் தம் அம்பறாத்தூணியில் வைத்துக்கொண்டார்கள். செய்தி பரவினால் அணிகள் குலைந்துவிடும் என்று அஞ்சிப் போரைத் தொடர்ந்து நடத்தினார்கள். இவ்வறிவிப்பின்படி நீக்கச் செய்தியை மறைத்தவர் நீக்கப்பட்டவரேயாவார்.

இப்னு இஸ்ஹாக் முதலியோர் வழியாக வரும் அறிவிப்போ, கடிதம் திமிஷ்க் முற்றுகையின்போது அபூ உபைதாவிடம் வந்தது என்கிறது. தமக்குத் தலைமை வந்துவிட்டது என்பதைக் காலிதிடம் சொல்ல அபூ உபைதா நாணினார்கள். நகரம் வெற்றிகொள்ளப்படும்வரை கடிதத்தை வெளியிடாமலே வைத்திருந்தார்கள். நகர மக்களுடனான சமாதான உடன்படிக்கை காலிதின் பெயரிலேயே எழுதப்பட்டது. அதன் பின்னரே செய்தி வெளிப்பட்டது.

யர்மூக் பெரும்போரை ஹிஜ்ரி 15-ஆம் ஆண்டில் (கி.பி. 636) வைப்போரே வரலாற்றாசிரியர்களில் மிகுதி. அக்கணக்கின்படி பார்த்தால், ஹிஜ்ரி 13-இல் எழுதப்பட்ட கடிதம் திமிஷ்க் பகுதியில் கிடைத்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மேலும், சைஃபின் அறிவிப்புகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானவை என்றே மதிப்பிட்டுள்ளனர். எனினும் வரலாற்று நூல்கள் அவற்றை எடுத்தாண்டே வந்திருக்கின்றன. எவ்வாறாயினும் இரு அறிவிப்புகளும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: ஆணை எழுதப்பட்ட நாள் வேறு, அது நடைமுறைக்கு வந்த நாள் வேறு. இடைப்பட்ட நாள்களில் காலிதின் கட்டளைகளுக்குப் படை கீழ்ப்படிந்தது. அன்னாரின் பெயரில் எழுதப்பட்ட உடன்படிக்கையைப் புதிய தலைவர் மதித்து நிறைவேற்றினார். நீக்கப்பட்டவர் செய்த உடன்படிக்கை எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அவர் சொல்லவில்லை. இக்கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

இரண்டாம் கடிதம்

முதற் கடிதம் காலிதின் தலைமைப் பொறுப்பைத்தான் எடுத்தது, படைப்பணியை எடுக்கவில்லை. அபூ உபைதாவின் கீழ் அன்னார் தொடர்ந்து களம் கண்டார்கள். கின்னஸ்ரீன் பகுதியின் பொறுப்பையும் ஏற்றார்கள். பணியிலிருந்தே முற்றாக விலக்கியது, ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டில் (கி.பி. 638) வந்த இரண்டாம் கடிதமாகும்.

காரணம் ஓர் அன்பளிப்பு. காலிதை நாடி வந்த அஷ்அஸ் பின் கைஸ் என்ற தலைவருக்கு அன்னார் பத்தாயிரம் திர்ஹம் வழங்கினார்கள். இச்செய்தி மதீனாவுக்குச் சென்றது. ஆளுநர்களின் கொடுக்கல் வாங்கலைக் கூர்ந்து கவனிப்பது உமர் (ரலி) அவர்களின் வழக்கம். கடிதத்தில் அவர்கள் இட்ட ஆணை கடுமையானது: காலிதை மக்கள்முன் நிறுத்த வேண்டும், தொப்பியைக் களைந்து, அன்னாரின் தலைப்பாகையாலேயே கட்ட வேண்டும், கொடுத்த பணம் சொந்தப் பணமா, போர்ச்செல்வமா என்று கேட்க வேண்டும். சொந்தப் பணமானால் அது வீண்செலவு. போர்ச்செல்வமானால் அது மோசடி. எவ்வாறாயினும் அன்னாரைப் பொறுப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

அபூ உபைதா, காலிதை ஹிம்ஸுக்கு வரவழைத்தார்கள். மக்கள் கூடினர். அபூ உபைதா மிம்பரில் அமர்ந்தார்கள். மதீனாவிலிருந்து வந்த தூதர் எழுந்து கேள்வியைக் கேட்டார். காலித் விடை கூறவில்லை. மீண்டும் கேட்டார், அப்பொழுதும் மௌனம். அபூ உபைதாவும் ஒன்றும் பேசவில்லை. அந்நிலையில் பிலால் (ரலி) அவர்கள் எழுந்தார்கள். அமீருல் மூமினீனின் ஆணை இதுவெனக் கூறிக் காலிதின் தொப்பியை எடுத்தார்கள். தலைப்பாகையால் அன்னாரைக் கட்டினார்கள். பணம் யாருடையது என்று கேட்டார்கள். என் சொந்தப் பணமே என்றார்கள் காலித். உடனே பிலால் கட்டை அவிழ்த்தார்கள். தொப்பியைத் திரும்ப அணிவித்தார்கள். தம் கையாலேயே தலைப்பாகையைச் சுற்றிவிட்டார்கள். ஆட்சியாளர்களுக்குச் செவிசாய்த்துக் கீழ்ப்படிகிறோம், எம் தலைவர்களைக் கண்ணியப்படுத்திப் பணிவிடையும் செய்கிறோம் என்ற கருத்துப்பட மொழிந்தார்கள்.

ஒருகாலத்தில் மக்காவின் சுடுமணலில் கிடத்தி வதைக்கப்பட்ட அடிமை அவர். கட்டப்பட்டவரோ குறைஷியரின் உயர்குடியான மக்ஸூமில் பிறந்தவர். ஆணையை நிறைவேற்றிய கையே கண்ணியத்தையும் மீட்டுத் தந்தது. கடமையில் அணுவளவும் குறைக்காமல், கடமைக்கு அப்பால் ஓர் அவமதிப்பையும் சேர்க்காமல் நின்ற அந்நிலையை வாசகர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு மையமானது. விசாரணை முடிந்தது. காலித் குழம்பி நின்றார்கள். தாம் நீக்கப்பட்டுவிட்டோமா, இல்லையா என்பது அன்னாருக்குத் தெரியவில்லை. கடிதத்தின் கடைசிப் பகுதியை அபூ உபைதா சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. நாள்கள் கடந்தன. காலித் மதீனா திரும்பாதது கண்டு நடந்ததை ஊகித்துக்கொண்ட உமர் (ரலி) அவர்கள், அன்னாரை வருமாறு நேரடியாகவே எழுதினார்கள். அப்பொழுதுதான் காலிதுக்கு உண்மை விளங்கியது. அன்னார் அபூ உபைதாவிடம் சென்று, முன்பே அறிந்துகொள்ள விரும்பியிருப்பேனே, என்னிடமிருந்து ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். உங்களைக் கலங்கச் செய்யும் என்று அறிந்திருந்தேன். சொல்லாதிருக்க வழியிருக்கும்வரை சொல்ல விரும்பவில்லை என்றார்கள் அபூ உபைதா.

அபூ உபைதாவின் அன்பை எவரும் ஐயுறார். இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்டவர் அவர். முதற் கடிதத்தை அவர்கள் மறைத்ததில் போரின் நன்மையும் இருந்தது. முற்றுகையின் நடுவே தலைமை மாறினால் படை தடுமாறும். இரண்டாம் கடிதத்தின் பகுதியை மறைத்ததிலோ போர்த்தேவை ஏதும் இல்லை; இரக்கம் ஒன்றே இருந்தது. அந்த இரக்கத்தை ஏற்க மறுத்தவர் எவர்? இரக்கப்பட்டவருக்கு உரியவரான காலிதேதான். எதிரியின் வாளுக்கு அஞ்சாத அவ்வீரருக்கு, தம் நிலை என்னவென்று தெரியாமல் கழிந்த நாள்களே பாரமாயிருந்தன. நீக்கப்பட்டேன் என்பது குறித்து அபூ உபைதாவிடம் அன்னார் முறையிடவில்லை. எனக்குச் சொல்லப்படவில்லை என்றே முறையிட்டார்கள். அறிவிப்பு என்பது நீக்குகிறவர் காட்டும் சலுகையன்று, நீக்கப்படுகிறவருக்குச் சேர வேண்டிய கடன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

செய்தி அறிந்தபின் காலித் கின்னஸ்ரீனுக்குத் திரும்பித் தம் மக்களிடம் உரையாற்றி விடைபெற்றார்கள். பின் ஹிம்ஸிலும் அவ்வாறே விடைபெற்று மதீனா புறப்பட்டார்கள். உரிய காலத்தில் உண்மை தெரிந்தவருக்கே முறையாக விடைபெறவும் இயலும்.

கலீஃபா அளித்த விளக்கம்

மதீனாவில் காலித் தம் மனக்குறையை மறைக்கவில்லை. உங்களைப் பற்றி முஸ்லிம்களிடம் முறையிட்டேன். என் விஷயத்தில் நீங்கள் நல்லவிதமாக நடந்துகொள்ளவில்லை என்று கலீஃபாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். செல்வம் எங்கிருந்து வந்தது என்று உமர் கேட்டார்கள். போர்ச்செல்வத்தில் எனக்குரிய பங்குகளிலிருந்து வந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டது உங்களுடையது என்றார்கள் காலித். கணக்கிட்டதில் இருபதாயிரம் மிகுந்தது. அது பைத்துல்மாலில் சேர்க்கப்பட்டது. அதன்பின், நீர் எனக்குக் கண்ணியமானவர், அன்புக்குரியவர் என்று உமர் கூறினார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் அது இருவருக்கிடையேயான சமாதானமாக முடிந்திருக்கும். ஆனால் விசாரணையோ ஹிம்ஸில் மக்கள் முன்னிலையில் நடந்தது. பொதுவில் நிகழ்ந்த கறையைத் தனியறையில் துடைக்க இயலாது. எனவே உமர் (ரலி) அவர்கள் எல்லா நகரங்களுக்கும் சுற்றறிக்கை எழுதினார்கள். கோபத்தாலோ மோசடியினாலோ காலிதை நான் நீக்கவில்லை; மக்கள் அவர்பால் மயங்கி, வெற்றி அவராலேயே வருகிறது என்று நம்பத் தொடங்கினர்; யாவற்றையும் செய்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதை அவர்கள் அறிய வேண்டுமென விரும்பினேன் என்பது அதன் சாரம்.

இச்சுற்றறிக்கை தனித்த நிகழ்ச்சியன்று. உமர் (ரலி) அவர்களின் வழக்கமே அதுவாயிருந்தது. காதிஸிய்யா வெற்றியின் தலைவரும் கூஃபாவின் ஆளுநருமான சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள்மீது, தொழுகையைக்கூடச் சரிவர நடத்துவதில்லை என்று கூஃபாவாசிகள் புகார் கூறினர். கலீஃபா அப்புகாரைச் சஅதிடமே சொல்லி விளக்கம் கேட்டார்கள். பின் கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் ஆள் அனுப்பி மக்களிடம் விசாரித்தார்கள். சஅத் விலக்கப்பட்டு அம்மார் (ரலி) அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆண்டுகள் சில கழிந்து, கத்திக்குத்துப்பட்டு மரணப்படுக்கையில் கிடந்த உமர் (ரலி) அவர்கள், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சஅதின் பெயரையும் சேர்த்தார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ சஅதை நான் நீக்கவில்லை என்றும் அப்பொழுது அறிவித்தார்கள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றவை. உயிர் பிரியும் வேளையிலும், தம்மால் நீக்கப்பட்ட ஒருவரின் பெயரைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

விளக்கம் அளித்ததால் கேள்வியும் வந்தது. ஜாபியாவில் மக்கள்முன் பேசிய கலீஃபா, காலிதை நீக்கியதற்குக் காரணம் கூறினார்கள்: ஏழை முஹாஜிர்களுக்கென வைத்திருக்குமாறு பணித்த செல்வத்தை வலியோருக்கும் உயர்ந்தோருக்கும் காலித் வழங்கினார் என்றார்கள். உடனே அபூ அம்ர் பின் ஹஃப்ஸ் (ரலி) அவர்கள் எழுந்து, உங்கள் காரணம் ஏற்கத்தக்கதன்று. இறைத்தூதர் உருவிய வாளை நீங்கள் உறையிலிட்டுவிட்டீர்கள் என்று கண்டித்தார்கள். நீர் நெருங்கிய உறவினர், வயதில் இளையவர், உம் தந்தையின் சகோதரர் மகனுக்காகச் சினங்கொண்டீர் என்று மட்டுமே உமர் பதிலளித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இது பதிவாகியுள்ளது. காரணத்தை வெளியிடுகிற தலைமை, அதனை மறுத்துரைக்கும் வாய்ப்பையும் மக்களுக்குத் தருகிறது. மறுத்தவர் தண்டிக்கப்படவில்லை என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஃபிக்ஹு நூல்கள் கண்ட முடிவு

ஆணை எழுதப்பட்டதற்கும் அறியப்பட்டதற்கும் இடைப்பட்ட நாள்களில் நீக்கப்பட்டவரின் செயல்கள் செல்லுமா? இக்கேள்வியை ஃபிக்ஹு அறிஞர்கள் 'அஸ்ல்' என்னும் பதவிநீக்கம் பற்றிய பகுதியில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். நம் தமிழகத்து மதரஸாக்களில் ஓதப்படும் நூல்களிலேயே இதற்கு விடை உண்டு.

இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜில் காஜிகளைப் பற்றிக் கூறுமிடத்தில், நீக்கப்பட்ட செய்தி எட்டுவதற்கு முன் காஜி நீங்கியவராகமாட்டார் என்பதையே மத்ஹபின் முடிவாகத் தருகிறார்கள். இக்கடிதத்தைப் படித்ததும் நீர் நீக்கப்பட்டவராவீர் என்று இமாம் எழுதியிருந்தால், படித்த அக்கணமே நீக்கம் நிகழும். காஜி தாமே படிக்காமல் பிறர் படித்துக் காட்டினாலும் அதுவே வலுவான முடிவு. ஹனஃபி மத்ஹபிலும் செய்தி எட்டும்வரை காஜியின் தீர்ப்புகள் செல்லும்.

ஆனால் தனிமனிதர் ஒருவர் அமர்த்திய வக்கீல், அதாவது பிரதிநிதி, விஷயத்தில் கருத்து வேறுபடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், அவர் அறியாவிட்டாலும் நீக்கம் உடனே நடைமுறைக்கு வரும். ஹனஃபிகளோ, வக்கீலுக்கும் செய்தி எட்ட வேண்டும் என்பர். ஷாஃபிஈ மத்ஹப் காஜியை ஏன் வேறுபடுத்தியது? வக்கீலின் செயல் ஒருவரின் உடைமையைப் பொறுத்தது. காஜியின் தீர்ப்போ எண்ணற்ற மக்களின் திருமணத்தையும் சொத்தையும் உயிரையும் பொறுத்தது. அவர் அறியாமலே நீங்கிவிட்டார் என்று கொண்டால், இடையில் வழங்கிய தீர்ப்புகள் அனைத்தும் குலைந்து பெருந்தீங்கு விளையும்.

இவ்வடிப்படையில் நோக்கினால் படைத்தலைவரின் நிலை வக்கீலைவிடக் காஜிக்கே நெருக்கமானது என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் சொல்லால் படை நகர்கிறது. அவர் கையொப்பத்தால் நகரங்கள் அபயம் பெறுகின்றன. திமிஷ்க் மக்கள் காலிதின் சொல்லை நம்பி வாயிலைத் திறந்தவர்கள். எங்கோ எழுதப்பட்ட, எவரும் அறியாத கடிதத்தின் பெயரால் அச்சொல் பொய்யாகியிருந்தால், அநீதி காலிதுக்கு மட்டுமன்று, அம்மக்களுக்கும் இழைக்கப்பட்டிருக்கும். ஆகவே அறிவிப்பு என்பது நீக்கப்படுகிறவரை மட்டுமல்லாமல் அவரை நம்பியிருப்போரையும் காக்கும் அரணாகும்.

இக்காலச் சட்டங்கள்

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 310-ஆவது பிரிவின்படி படைத்துறையினர் குடியரசுத் தலைவரின் விருப்பமுள்ளவரை பணியில் இருப்பவர்கள். குடிமைப்பணியாளருக்கு 311-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு படைத்துறையினருக்கு இல்லை. இதைமட்டும் பார்ப்போர், படை அதிகாரியை எந்த அறிவிப்புமின்றி அனுப்பிவிடலாம் என்று எண்ணக்கூடும். அது சரியன்று. 1954-ஆம் ஆண்டு இராணுவ விதிகளில் 14-ஆவது விதி, நடத்தைப் பிழைக்காக அதிகாரி ஒருவரை இராணுவ நீதிமன்ற விசாரணையின்றி விலக்கும் முறையைக் கூறுகிறது. அவருக்கு எதிரான அறிக்கைகளை அவரிடமே தந்து, எழுத்து வடிவில் விளக்கம் கேட்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு கருதி வெளியிடத்தகாத பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம்.

சுபேதார் முதலிய இளநிலை அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு மேலும் ஓர் உரிமை தருகிறது. பணி முடிவுறும்பொழுது கட்டளை அதிகாரி அவர்களுக்கு ஒரு சான்றிதழ் வழங்க வேண்டும். பணியை முடிவுறச் செய்த அதிகாரம் எது, காரணம் எது, மொத்தப் பணிக்காலம் எவ்வளவு என்னும் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தோடு, அவரவர் தாய்மொழியிலும் அது அமைய வேண்டும். அதாவது தமிழ் வீரருக்குத் தமிழில். தமக்கு நேர்ந்ததைத் தாமே படித்தறியும் மொழியில் பெறுவது எத்துணை பெரிய உரிமை! அதிகாரம் எது என்ற கேள்வி சஅத் பின் உபாதா கேட்டது; காரணம் எது என்பது காலித் கேட்டது.

குடிமைப்பணி வழக்கொன்றில் 1966-இல் நம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. பஞ்சாப் அரசு தொடர்பான அவ்வழக்கில், பணிநீக்க ஆணையை எழுதிக் கோப்பில் வைத்துக்கொள்வதால் மட்டும் அது செயலுக்கு வராது, உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அறிவிக்கப்படாத ஆணையை எழுதியவரே மாற்றிவிடவும் கூடும். அதுவரை அலுவலர் செய்த செயல்களின் நிலையும் கேள்விக்குள்ளாகும். நவவி அவர்களின் முடிவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள். இரண்டும் ஒரே நியாயத்தைப் பேசுகின்றன.

இதற்கு மாறான நடைமுறையை, கிலாபத்தின் கடைசித் தலைநகரைக் கொண்ட துருக்கியிலேயே காண்கிறோம். 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 125-ஆவது பிரிவு, உயர் இராணுவ மன்றத்தின் முடிவுகளை நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்பட்டவையாக ஆக்கியது. அம்மன்றத்தால் வெளியேற்றப்பட்ட அதிகாரிகள் முறையிட வழியின்றி நின்றனர். அவர்களுள் மார்க்கப் பற்றினால் ஐயத்துக்கு ஆளானோரும் உண்டு. 2010 செப்டம்பர் 12 அன்று நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பின்னரே, வெளியேற்ற முடிவுகளை எதிர்த்து வழக்காடும் வாயில் திறந்தது. 2016 ஜூலை 15 அன்று இராணுவப் புரட்சி முயற்சி நிகழ்ந்தது. அது முறியடிக்கப்பட்டபின் அவசரகால ஆணைகள் பிறந்தன. ஜூலை 27 அன்று வெளியான ஆணை 1,684 படைத்துறையினரை நீக்கியது. இவ்வவசரகால ஆணைகளின் நீண்ட பெயர்ப்பட்டியல்கள் அரசிதழில் வெளியிடப்பட்டன; நீக்கப்பட்டோருக்குத் தனியாக அறிவிப்பு அனுப்பப்படமாட்டாது என்ற வாசகமும் ஆணைகளில் இடம்பெற்றது. பட்டியலில் தம் பெயரைத் தேடிக் காண்பதே பலருக்கு அறிவிப்பாயிற்று. முறையீடுகளை ஆராயும் ஆணையம் 2017 ஜனவரியில்தான் அமைக்கப்பட்டது.

ஆயுதமேந்திய கிளர்ச்சியை எதிர்கொள்ளும் அரசு விரைந்து செயற்பட வேண்டியிருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. குற்றவாளிகள் அப்பட்டியலில் இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் குற்றவாளிக்கும் குற்றமற்றவருக்கும் ஒரே பட்டியல், ஒரே காரணம் என்னும் நிலையில், குற்றமற்றவர் தம்மை எதனைக் கொண்டு வேறுபடுத்திக் காட்டுவார்? தமக்கெனத் தனியே சொல்லப்படாத காரணத்துக்கு எவ்வாறு விடை கூறுவார்? ஹிம்ஸில் காலிதிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்விதான். எனினும் அது அவருக்கென்றே கேட்கப்பட்ட கேள்வி. விடை கிடைத்ததும் கட்டு அவிழ்க்கப்பட்டது.

ஹிம்ஸ் தரும் பாடம்

காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 21-ஆம் ஆண்டில் (கி.பி. 642) மறைந்தார்கள். மறைந்த இடம் மதீனா என்போரும் உளர். ஹிம்ஸ் என்பதே பெரும்பாலோர் கூற்று. அன்னாரின் பெயர் தாங்கிய பள்ளிவாசலும் அங்கேயே உள்ளது. குதிரையும் ஆயுதமும் ஓர் ஊழியரும் தவிர வேறு சொத்து அன்னார் விட்டுச்செல்லவில்லை என்பர். தம் மரணத்துக்குப்பின் தம் உடைமைகளின் பொறுப்பை எவரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள் தெரியுமா? தம்மை இருமுறை நீக்கிய உமர் (ரலி) அவர்களிடம்.

இது எளிதில் நிகழக்கூடியதன்று. நீக்கம் காலிதின் உள்ளத்தைப் புண்படுத்தியது. அதனை அன்னார் மறைக்கவில்லை. நீக்கிய முறையிலும் கடுமை இருந்தது. அன்பு மிகுந்த நண்பர் ஒருவரின் மௌனத்தால் அது நீளவும் செய்தது. ஆயினும் இறுதியில் அன்னாருக்குச் சேர வேண்டியவை சேர்ந்தன: உண்மை சொல்லப்பட்டது, கேட்க வேண்டியதைக் கேட்க அனுமதிக்கப்பட்டது, கோபமும் மோசடியும் காரணமல்ல என்பது நகரங்கள்தோறும் அறிவிக்கப்பட்டது. பதவி போயிற்று, பெயர் நின்றது. அதனால்தான் நீக்கியவரையே நம்பித் தம் உடைமையை ஒப்படைக்க அன்னாரால் முடிந்தது.

பள்ளிவாசல் நிர்வாகம் முதல் பெரும் நிறுவனங்கள் வரை நம்மில் பலர் ஏதோ ஒரு நாளில் பிறரைப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டிய நிலைக்கு வருகிறோம். சொல்லத் தயங்கி நாள் கடத்துவதும், பிறர் வழியாக அறிந்துகொள்ளட்டும் என்று விடுவதும், காரணம் கூறாமல் கதவைச் சாத்துவதும் நம்மிடையே காணாத வழக்கங்களல்ல. இவற்றை இரக்கமென்றும் நாகரிகமென்றும் நமக்கு நாமே சமாதானம் செய்துகொள்கிறோம். அந்நேரங்களில் அபூ உபைதாவிடம் காலித் கேட்ட கேள்வி நம் செவியில் ஒலிக்கட்டும். பிலாலின் கை தலைப்பாகையைத் திரும்பச் சுற்றிய விதமும் நம் நினைவுக்கு வரட்டும்.